சொல்லாமல் விட்ட பதக்கம்

1966 பிப்ரவரி, ஞாயிறு இரவு. ஸ்ரீரங்கம்.

விமானப்படையில் விமானியாகச் சேர்ந்து ஏர் மார்ஷலாக உயர்ந்த என் கணவருக்கு இன்று திருச்சியில், அவர் படித்த பள்ளியில் பாராட்டு விழா. தன் பதக்கங்களைப் பற்றி மாணவர்களிடம் பேசினார். வீரப் பதக்கத்தை மட்டும் சொல்லவில்லை. அதை வாங்கித் தந்த போர் விமானப் பயணத்தில் குண்டடிபட்டு இறந்த சக விமானி பீட்டரின் அப்பா எதிரே உட்கார்ந்திருந்தார்.

கூட்டம் கலைந்ததும் பெரியவர் இவர் கையைப் பிடித்தார்.

"அதையும் சொல்லியிருக்கலாமே தம்பி. அவன் பேரை நாலு பேர் கேட்பாங்கன்னுதான் வந்தேன்."

"உங்க மனசு கஷ்டப்படுமேன்னு விட்டுட்டேங்க."

"வீட்ல யாரும் அவன் பேச்சையே எடுக்கிறதில்ல தம்பி. அதுதான் கஷ்டம்."

காவிரிப் பாலம் தாண்டி வீடு வந்தோம். இவர் இரவு சாப்பிடவில்லை. நாளைக்குப் பெரியவர் வீட்டுக்குப் போய் பீட்டரைப் பற்றி எல்லாவற்றையும் சொல்லிவிட்டு வாருங்கள் என்றேன்.

"தனியா முடியாது. நீயும் வா" என்றார்.