நின்ஃபாவுக்கு அவள் வாக்கைத் திருப்பித் தருதல்

1. இதை எழுதுபவர் பால்தஸ்ஸாரே இன்காந்தேலா, ஓய்வுபெற்ற நோட்டரி, த்ராப்பானி நகரவாசி, மனைவியை இழந்தவர். தெளிந்த நினைவோடும் எவருடைய வற்புறுத்தலும் இன்றியும் எழுதுகிறார்.

2. பெறுபவர் அவருடைய ஒரே மகள் நின்ஃபா, துலூஸ் நகரில் வானியல் ஆய்வாளர். தந்தை மகளுக்கு எழுதுவதாகையால் இதற்குச் சட்டப்படி வலு ஏதும் இல்லை.

அன்பு மகளே, நீ அங்கே நலமாக இருக்கிறாய் என்று நம்பித் தொடங்குகிறேன். அடுத்து "நானும் நலம்" என்று எழுதியிருந்ததை அடித்துவிட்டேன். காரணம் கீழே வருகிறது. மாடித் தண்ணீர்த் தொட்டியை மாற்றியாயிற்று. தெற்குக் காற்று இரண்டு நாளாக ஓயவில்லை, சன்னலெல்லாம் மணல்.

வருங்கால எக்ஸ்ரே விண்தொலைநோக்கிக்குத் துணைநிற்கும் அறிவியலாளர் குழுமத்தில் சேர அழைப்பு வந்திருப்பதாகவும், மறுக்கப்போவதாகவும் ஞாயிறன்று தொலைபேசியில் சொன்னாய். நீ அனுப்பிய அழைப்பை என் பழக்கப்படி படித்திருந்தேன். ஊதியம் இல்லை, ஏவும் நாள் உறுதியில்லை, இறுதி ஒப்புதலே இன்னும் வரவில்லை, திட்டம் கைவிடப்பட்டால் யார் பொறுப்பு என்று ஒரு சொல்லும் இல்லை. மறுப்பதே சரி என்றேன். "சரிப்பா" என்று உடனே சொல்லிவிட்டாய். சிறு வயதிலிருந்து என்னோடு ஒவ்வொரு காற்புள்ளிக்கும் வாதாடியவளின் அந்தச் "சரிப்பா"வை நான் நம்பவில்லை. அம்மாவின் அடக்கத்தன்று, "இந்த வேலை முடிஞ்சதும் வந்துடறேன்பா, இங்கயே பள்ளிக்கூடத்துல பாடம் எடுத்துக்கிட்டு உங்ககூட இருப்பேன்" என்று நீ கொடுத்த வாக்குதான் அப்படிப் பேசியது.

ஆகவே உன்னை அந்த வாக்கிலிருந்து விடுவித்து இக்கடிதத்தின் முதல் வரைவை எழுதினேன். வாய்விட்டு வாசித்த பிறகே கையெழுத்து என்பது எங்கள் தொழிலின் விதியல்லவா, என் பழைய எழுத்தர் ப்ரோவிதென்சாவையும் கீழே மீன்கடை வைத்திருக்கும் காஸ்பரேவையும் அழைத்து வாசித்துக்காட்டினேன். தொலைநோக்கி இன்னும் கட்டப்படவில்லை என்றதும் காஸ்பரே, "கட்டாத படகுக்கு ஆள் எடுக்கிறாங்களா? எம் மச்சான் கட்டின படகுக்கே ஆள் கிடைக்காம அலையறான், நோட்டரி ஐயா" என்றார். எதைத் தேட வேண்டும் என்று அறிவியலாளர்கள் இப்போதே சொன்னால்தான் அதற்கேற்பக் கட்டுவார்கள், தொலைதூரம் அனுப்பியபின் போய்த் திருத்த முடியாது என்று நீ சொன்னதைச் சொன்னேன். "அப்பச் சரி" என்று பேனாவை எடுத்தார். ப்ரோவிதென்சா எடுக்கவில்லை. "'நானும் நலம்'னு போட்டிருக்கீங்களே, அதுக்கு நான் சாட்சி நிக்க மாட்டேன் ஐயா. பொய்ப் பத்திரத்துல கை வைக்காதேன்னு எனக்குச் சொல்லிக்குடுத்தது யாரு?" என்று கேட்டார்.

அவர் பக்கம்தான் நியாயம். உண்மையை மறைத்துப் பெற்ற சம்மதம் நிற்காது. உண்மை இது: என் இதய வால்வு ஒன்று சுருங்கிவிட்டது. செப்டம்பரில் பலெர்மோவில் மாற்றுகிறார்கள். பெரும்பாலும் நன்றாக முடியும் என்கிறார் மருத்துவர், உறுதி தரவில்லை. தந்திருந்தால் நான் நம்பியிருக்க மாட்டேன். நன்றாக முடிந்தாலும், உங்கள் தொலைநோக்கி மேலே போகும் நாளில் நான் இருப்பேன் என்று சொல்வதற்கில்லை.

இதை அறிந்த பின்னும் நீ சேர வேண்டும் என்பதே என் விருப்பம். ஞாயிறன்று சொன்ன கருத்தைத் திரும்பப் பெறுகிறேன். இன்னும் இல்லாத ஒன்றை விற்க நம் சட்டத்தில் இரண்டு வழி உண்டு. ஒன்றில், பொருள் உண்டானால்தான் விற்பனை செல்லும். மற்றதில், சூரை மீனுக்கு வலை இறங்குமுன்பே அந்த வீச்சையே ஒருவன் வாங்கிவிடுகிறான். வலை வெறுமையாக ஏறினாலும் விலை கொடுப்பான், ஏமாந்தேன் என்று வழக்காட வரமாட்டான், ஏனெனில் அவன் வாங்கியது மீனை அல்ல, அது கிடைக்கும் வாய்ப்பை. உன் அழைப்பை முதல் வகையென்று எண்ணிப் படித்தேன். அது இரண்டாவது வகை. உன்னைப் பெற்றபோது உன் அம்மாவும் நானும் செய்ததும் அதுவே.

எனவே உன் வாக்கை உனக்கே திருப்பித் தருகிறேன். செப்டம்பரில் வா; கண்விழிக்கும்போது நீ பக்கத்தில் இருந்தால் நல்லது. பிறகு திரும்பிப் போ. பள்ளி வேலைக்கு விண்ணப்பிக்காதே. குழுமத்துக்கு எழுதும் பதிலை அனுப்புமுன் ஒருமுறை வாய்விட்டு வாசி. தொலைநோக்கி முதன்முதலாக வானத்தைக் காட்டும் நாளில் என் தொலைபேசியை யாரும் எடுக்காவிட்டால், கீழ்க்கண்ட சாட்சிகளில் இருப்பவரை அழைத்துச் சொல். அவர்களுக்கு விவரம் தெரியும்.

அம்மா இருந்திருந்தால் சொல்லியிருக்கும் ஆசியையும் சேர்த்து,

உன் அப்பா,
பால்தஸ்ஸாரே இன்காந்தேலா

சாட்சிகள்:
காஸ்பரே மனுகுயேர்ரா, மீன் வியாபாரி
ப்ரோவிதென்சா கூச்சியார்தி ("நானும் நலம்" அடிக்கப்பட்ட பின் கையெழுத்திட்டேன்)