மறுபக்கத்தில் ஓர் ஓட்டை

தம்பிப் பயலே,

உன் இடது கையைப் பற்றி இதில் ஒரு வார்த்தைகூட எழுத மாட்டேன்.

"இனி எனக்கெதுக்கு?" என்று நீ என் வீட்டில் போட்டுவிட்டுப் போன அந்தப் பழைய எலக்ட்ரிக் கிதாரை, இடக்கைக்காரர் வாசிக்கும்படி மாற்றிவிட்டேன். கம்பிகள் இப்போது தலைகீழ் வரிசையில் இருக்கின்றன. தோள்வார் மாட்ட, மறுபக்கத்தில் புதிதாக ஓர் ஓட்டை.

ரிப்பேர் கடைக்காரர் தலையில் அடித்துக்கொண்டார்.

"ஐம்பது வருஷப் பொருள்மா. ஓட்டை போட்டா மதிப்பே போயிடும்."

"சுவத்துல சும்மா தொங்கினா மட்டும் என்ன மதிப்பு? போடுங்க."

இனி வலது கை விரல்கள் கம்பியை அழுத்தட்டும். மீட்ட, இடது கையில் மிச்சமிருக்கும் கட்டைவிரல் போதும். பார், எழுதிவிட்டேன்.

ஒரு கீறலுக்கே ஊரைக் கூட்டியவன் நீ. இந்த ஓட்டைக்கு உன் ரத்தம் கொதிக்கும், கொதிக்கட்டும். ஃபோனைத்தான் எடுப்பதில்லையே, நேரில் வந்து திட்டு. கிதாரைத் தோளில் மாட்டிக்கொண்டு திட்டு.

உன் பொல்லாத அக்கா