மிளகுக்கு முப்பது நாள் காற்று

நாள் 407 | காலை 07:10

நிலவின் தென்முனை நிலையம். பதிவு: பொறியாளர் திலகா மாசிலாமணி. காற்றழுத்தம் சரி. தண்ணீர்ச் சுழற்சி சரி. இரண்டாம் பம்பில் சத்தம். நாளை பிரித்துப் பார்க்க வேண்டும்.

டாக்டர் இருதயராஜ் காலையிலேயே என்மீது கோபப்பட்டார். நடைவழியில் நான் வைத்த பெட்டியில் மிளகு மோதிக்கொண்டதாம். மிளகு அவருடைய ஆய்வுப் பூனை. பிறவியிலேயே பார்வை இல்லை. ஈர்ப்பு குறைந்த இடத்தில் காதை மட்டும் நம்பி உடம்பு எப்படி நிதானம் கொள்கிறது என்று பார்க்கக் கொண்டுவந்தார்கள். ஆய்வு முடிந்து எட்டு மாதமாகிறது. அவர் அதைத் திருப்பி அனுப்ப மனமில்லாமல் வைத்திருக்கிறார். எனக்குப் பூனை பிடிக்காது. பெட்டியை எடுத்துவிட்டேன்.

நாள் 407 | மாலை 16:35

14:20க்கு விண்கல் ஒன்று கூடத்தைத் துளைத்தது. நான் பயிர் அறையில் இருந்தேன். இருதயராஜ் கூடத்தில். நடுவிலுள்ள காற்றடைப்பு அறையின் கதவு தானாக மூடிக்கொள்ளவில்லை. மூட வேண்டிய பிடி அவர் பக்கம் இருந்தது. மிளகை என் பக்கம் எறிந்துவிட்டுப் பிடியை இழுத்தார். சின்னக் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். அதற்குமேல் எழுத முடியவில்லை.

நாள் 408 | காலை 09:00

பூமிக் கட்டுப்பாட்டு மையத்தில் நஸீர் பணியில் இருக்கிறார். மீட்புக் கலம் வந்துசேர நாற்பது நாள், அதாவது நாள் 448. இங்கே ஒரு மனுஷிக்குப் பதினாலரை நாள் காற்று. பூனை என்னில் பத்தில் ஒரு பங்குதான் மூச்சு விடுகிறது.

அது விதை அடுக்குக்கு அடியில் கிடந்து கத்துகிறது. வெளியே வந்தால் மோதுகிறது. இந்த அறை அதற்குத் தெரியாது.

நாள் 409 | காலை 10:20

நஸீர் சொன்னார்: "மேலே இருக்கிறவர்கள் சொல்லச் சொன்னார்கள், மேடம். பூனை இல்லையென்றால் உங்களுக்கு ஒன்றேகால் நாள் கூடும்."

"அந்த ஒன்றேகால் நாளை வைத்து நான் என்ன செய்ய, நஸீர்?"



கணக்கை நான்கு முறை போட்டேன். நான் எப்படியும் நாள் 448-ஐப் பார்க்கப்போவதில்லை. கடைசி மூச்சு வரை இங்கேயே இருந்தால் மிளகும் பிழைக்காது. நாள் 418-இல் வெளியேறினால் மிச்சக் காற்று அதற்கு முப்பது நாளுக்கு மேல் வரும். ஒருநாள் தாமதித்தாலும் போதாது.

அதற்குள் என் உதவியில்லாமல் வாழ அது பழக வேண்டும்.

நாள் 410 | மதியம் 13:00

நஸீரின் மைத்துனி தஞ்சாவூரில் கால்நடை மருத்துவர். அவரிடம் கேட்டுச் சொன்னார். முதலில் ஒரே ஒரு மூலை போதும். சாப்பாடு, தண்ணீர், மணல் தட்டு மூன்றும் அங்கே. எதையும் இடம் மாற்றக் கூடாது. தொடுவதற்கு முன் பேச வேண்டும்.

மூலையில் இருதயராஜின் சட்டையை விரித்தேன். நக்கினால் சொட்டும் தண்ணீர்க் குழாயை மட்டும் நகர்த்த முடியாது; மூலையிலிருந்து அது வரை சாக்குத் துண்டுகளை ஒட்டினேன், பாதத்துக்குச் சொரசொரப்பாகத் தெரியட்டும் என்று. பேசச் சொன்னார்கள். பூனையிடம் என்ன பேசுவது? பம்பைப் பிரிக்கும் முறையைச் சொன்னேன்.

நாள் 412 | காலை 08:15

கடித்துவிட்டது. சட்டையைச் சரிசெய்யப் போனேன், பேச மறந்துவிட்டேன். தப்பு என்னுடையது. கட்டுப் போட்டாயிற்று.

நாள் 414 | மாலை 17:40

சாக்கில் நடந்து குழாய்க்குப் போகிறது. மணல் தட்டைத் தவறவிடுவதில்லை. இன்று என் மடியில் ஏறிப் படுத்தது. ஒரு மணி நேரம் அசையவில்லை, அதுவும் நானும்.

நாள் 416 | காலை 11:00

விதை தூவும் கருவியை மாற்றிவிட்டேன். நாளுக்கு இருமுறை தீனி விழும். நன்றாக வேலை செய்கிறது.

பிரச்சினை வேறு. நான் பக்கத்தில் உட்கார்ந்து குரல் கொடுத்தால்தான் சாப்பிடுகிறது, தண்ணீர் குடிக்கிறது. காலையிலிருந்து வாயைத் திறக்காமல் எதிர் மூலையில் இருந்தேன். வாசனை பிடித்து வந்து காலடியில் படுத்துக்கொண்டது. தீனி அப்படியே கிடக்கிறது.

நாள் 417 | மாலை 15:30

விண்வெளி உடையை முழுக்க மாட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். வாசனை இல்லை, குரல் இல்லை. அறை முழுக்கத் தேடியது. சுவர் ஓரமாக மூன்று சுற்று. கத்தியது. சாப்பிடவில்லை. தலைக்கவசத்தைக் கழற்றிவிட்டேன். கழற்றியிருக்கக் கூடாது.

நஸீர்: "இன்னும் ஒருநாள் இருந்து பழக்குங்களேன்."

"அந்த நாளை அதனிடமிருந்துதான் எடுக்க வேண்டும்."

"அக்கா" என்றார் நஸீர். இதுவரை என்னை அப்படிக் கூப்பிட்டதில்லை. பிறகு இணைப்பை வேறொருவரிடம் கொடுத்துவிட்டார்.

நாள் 418 | காலை 09:30

இந்தக் கதவைத் திறக்கப்போகிறவர்களுக்கு. உள்ளே உயிரோடு ஒரு பூனை இருக்கும் என்று நம்பி எழுதுகிறேன். பெயர் மிளகு. கண் தெரியாது. உடனே தூக்காதீர்கள். தரையில் உட்காருங்கள், அது வரும். புது வீட்டுக்குக் கொண்டுபோனால் முதலில் ஒரு மூலையை மட்டும் கொடுங்கள். மிச்சத்தை அதுவே கண்டுபிடிக்கும்.

நாள் 418 | காலை 10:50 | உடைப் பதிவுக் கருவி

காற்றடைப்பு அறைக்கு வந்து உள்கதவை மூடி, இங்கிருந்த காற்றை உள்ளேயே திருப்பி அனுப்பிவிட்டேன். உடையில் ஏழு மணி நேரக் காற்று. கதவில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறேன். இங்கே சத்தம் கேட்காது. ஆனால் முதுகில் தெரிகிறது. பிறாண்டுகிறது.

நாள் 418 | மதியம் 13:15

நிற்கவில்லை. நான் அசைவது இரும்பு வழியாக அதற்கும் தெரிகிறதுபோல. நான் இங்கே இருக்கும்வரை அது கதவை விட்டுப் போகாது.

எழுந்துவிட்டேன்.

நாள் 418 | மதியம் 14:05

கூடத்தின் மறுகோடி. பக்கத்தில் இருதயராஜ். அவர் முகத்தை மூடிவிட்டேன். மிளகு குடிக்கும் குழாயின் தண்ணீர் அளவு என் மணிக்கட்டுத் திரையில் தெரியும். மாற்றமில்லை.

15:20. மாற்றமில்லை.

16:40. மாற்றமில்லை. கை மரத்துவிட்டது. திரும்பிப் போய்க் கதவைத் தட்டலாம் என்று இரண்டு முறை எழுந்தேன். போகவில்லை.

17:25. கண் மங்குகிறது. எண் சரியாகத்

17:31. நாலு மில்லி குறைந்திருக்கிறது.

ஐந்து.

குடி கண்ணு, இன்னும் கொஞ்சம்