ஒரு தட்டலுக்கு ஒரு விளக்கு

பிப்ரவரி 11, செவ்வாய்

புது வீட்டுக்கு விளக்குத் திட்டம் போட அளவெடுக்கப் போனோம். மூன்று மாடி, ஏழு படுக்கையறை, சுவரெல்லாம் இன்னும் பூசாமல் செங்கல் தெரிய நிற்கிறது. வழக்கம்போல் கம்பி இழுப்பது மச்சான் பாடு, திட்டமும் ப்ரோக்ராமும் என் பாடு என்று பிரித்துக்கொண்டோம். மனைவியின் அண்ணனோடு தொழில் செய்வதில் ஒரு வசதி உண்டு, சண்டை போட்டாலும் சாயங்காலம் ஒரே வீட்டில் காபி குடித்துத்தான் தீர வேண்டும்.

வீட்டுக்காரர் கப்பலில் சரக்கு அனுப்புகிறவர். நாம் ஒரு வாக்கியம் முடிப்பதற்குள் அவர் மூன்று முடித்துவிடுகிறார். "விரல் வச்சா எரியணும். எடுத்தா அடுத்த வேலை. காத்திருக்கறதெல்லாம் எனக்கு ஆகாது." படியிறங்குவதற்குள் மச்சான் அவருக்கு 'அவசரம்' என்று பெயர் வைத்துவிட்டார்.

சுவரில் ஒரு பொத்தான்கூடத் துருத்தக் கூடாது, எல்லாம் வழவழவென்று கண்ணாடி டச் பேனலாக இருக்கட்டும் என்று சொன்னது நான். அவசரத்துக்குப் பிடித்துப்போயிற்று. அவர் மனைவி ஒன்றும் சொல்லவில்லை. கண் மருத்துவர். "இவ கை இருக்கே, முப்பது வருஷம். எத்தனை பேருக்குக் கண்ணைக் குடுத்திருக்கு தெரியுமா?" என்றார் அவசரம். அந்த அம்மா சிரித்தார். "இப்ப ஆபரேஷன் பண்றதில்ல. போதும்னு விட்டுட்டேன்."

மார்ச் 5, புதன்

இன்று கண் டாக்டர் சிமெண்டுத் தரையில் படுத்தார்.

கட்டில் எங்கே வரும் என்று கேட்டார். சாக்பீஸ் கோட்டைக் காட்டினேன். என் கையிலிருந்த செய்தித்தாளை வாங்கி விரித்து, மல்லாந்து படுத்து, கூரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "இங்கேருந்து பாத்தா உங்க விளக்கு நேரா கண்ணுல குத்தும். அதோ, அந்த ரெண்டாவது புள்ளி."

பதினாலு வருஷமாக இந்த வேலை செய்கிறேன். படுக்கையறைகளை எல்லாம் நின்றுகொண்டேதான் திட்டம் போட்டிருக்கிறேன். வெட்கமாக இருந்தது, அதைவிட அதிகமாகச் சந்தோஷமாக இருந்தது. ஏன் சந்தோஷம்? நம்மைவிடக் கெட்டிக்காரரோடு வேலை செய்வது எப்போதாவதுதானே வாய்க்கிறது.

அவர் போனபின் ஏழு அறைகளிலும் நானே படுத்துப் பார்த்தேன். "என்ன மாப்ள, மயக்கமா?" என்று மச்சான் ஓடிவந்தார். பதினோரு விளக்குகளை இடம் மாற்றினேன்.

மார்ச் 19, புதன்

டாக்டர் வரைபடத்தைப் பார்த்துச் சொன்னது: "அறுபது வயசுக் கண்ணுக்குள்ள போற வெளிச்சம், இருபது வயசுக் கண்ணுக்குப் போறதுல மூணுல ஒரு பங்குதான். நீங்க உங்க கண்ணுக்கு வீடு போடறீங்க. இருக்கப்போறது நாங்க." உடனே படிக்கிற மேஜை, மாடிப்படி, மருந்து வைக்கிற அலமாரி என்று ஒவ்வொன்றாகக் கணக்கைத் திருத்தினோம். இரண்டு மணி நேரம். ஒரு இடத்தில்கூட 'அழகா இருக்கும்' என்று சொல்லவில்லை. 'தெரியும்', 'தெரியாது' என்ற இரண்டே வார்த்தைதான்.

வீட்டில் மூச்சு விடாமல் இதைச் சொன்னேன். "நம்ம சமையலறை பல்பு போய் ரெண்டு மாசம் ஆச்சு" என்றாள் இவள்.

மே 2, வெள்ளி

முப்பத்திரண்டு கண்ணாடிப் பேனல்களும் ஏறிவிட்டன. சுவரில் தண்ணீர் நிற்பது போல் இருக்கிறது. என் முதுகை நானே தட்டிக்கொண்டேன்.

ஜூன் 9, திங்கள்

குடிவந்து பத்து நாள்கூட ஆகவில்லை, அவசரத்திடமிருந்து போன். அலுவலகம் போகும்போது அணைத்துவிட்டுப் போன படுக்கையறை விளக்கு திரும்பி வந்தால் தானாக எரிகிறதாம், எரியவிட்ட விளக்கு அணைந்து கிடக்கிறதாம். "பேய் வீடா கட்டிக் குடுத்திருக்கீங்க?" போய்ப் பார்த்தால் ஒன்றுமில்லை. நூறு முறை தட்டினேன், நூறு முறையும் ஒழுங்காக எரிந்தது. இருந்தாலும் பேனலை மாற்றிவிட்டு வந்தோம். ஒரு தட்டலுக்கு எரிய வேண்டும், அடுத்த தட்டலுக்கு அணைய வேண்டும். இதில் என்ன கெட்டுப்போகும்?

ஜூன் 12, வியாழன்

மறுபடியும். மச்சான் எர்த் கம்பியை முதலிலிருந்து கடைசி வரை சோதித்தார். மூன்றாவது பேனலை மாட்டினோம்.

ஜூன் 17, செவ்வாய்

எந்தப் பேனலை யார் எப்போது தொட்டாலும் பேனல்களையெல்லாம் இயக்குகிற கருவி குறித்து வைத்துக்கொள்ளும். யாரும் அதைப் படிப்பதில்லை, நானும்தான். இன்று உட்கார்ந்து படித்தேன்.

காலை 10.42, படுக்கையறை: ஒரு வினாடிக்குள் ஐந்து தட்டல்கள். 10.44, நடைவழி: நான்கு. 10.45, படிக்கிற அறை: ஐந்து. 11.10, சமையலறை: ஐந்து. தினமும் இப்படித்தான். அவசரம் அலுவலகம் போனபிறகு ஆரம்பிக்கிறது.

ஒரு பேனல் கெட்டால் அந்தப் பேனல் கெடும். கோளாறு எழுந்து அறை அறையாக நடந்து போகாது. இது ஒரு மனுஷ விரல்.

இதைப் புரிந்துகொள்ள எனக்கு மூன்று பேனல் தேவைப்பட்டிருக்கிறது. மடையன்.

ஜூன் 18, புதன்

தனியாகப் போனேன். டாக்டர்தான் கதவைத் திறந்தார். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் கருவி எழுதி வைத்திருந்த பட்டியலை மேஜைமேல் வைத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிதானமாகப் படித்தார்.

"வினாடிக்கு அஞ்சு. சரியாத்தான் எண்ணியிருக்கு. நானும் அப்படித்தான் எண்ணினேன்."

வலது கையை மடியிலிருந்து எடுத்து மேஜைமேல் வைத்தார். நடுங்கியது. வேறு யாருடைய கையையோ காட்டுகிற மாதிரி விளக்கினார்: பார்க்கின்சன் என்று பெயர், இரண்டு வருஷமாகிறது, ஆபரேஷனை விட்டது அதனால்தான். "ஒருநாள் ஊசி முனை ஒரு மயிரளவு ஆடிச்சு. நோயாளிக்கு ஒண்ணும் ஆகல. அன்னிக்கே கையுறையைக் கழட்டிட்டேன்." யாரும் சொல்லி நிறுத்தவில்லை. யாருக்கும் தெரியவும் தெரியாது. தானே பார்த்து, தானே நிறுத்தியிருக்கிறார். கணவருக்குத் தெரியுமா என்று கேட்க வாயெடுத்தேன்.

"சார்கிட்ட..."

"சொல்லல. சொன்னா பத்திரமா பாத்துக்குவார். இப்ப என்கூட சண்டை போடறார், கிண்டல் பண்றார். நாளைலேருந்து கையைப் பிடிச்சு மாடி ஏத்துவார். எனக்கு இன்னும் கொஞ்ச நாள் சண்டை வேணும். நீங்களும் சொல்லாதீங்க." பிறகு, "ரெண்டு தடவை பேனலை வீணா மாத்த வச்சுட்டேன். அது தப்பு. மன்னிச்சுக்கணும்" என்றார்.

அவர் மன்னிப்புக் கேட்கிறார்! துருத்திக்கொண்டிருக்கும் ஒரு நல்ல பொத்தான் இருந்திருந்தால் அந்த விரல் அதில் ஊன்றி நின்றிருக்கும். அதை வேண்டாமென்று வழுக்குகிற கண்ணாடியைப் பதித்தது யார்? நான். அவர் தரையில் படுத்து என் விளக்கைச் சோதித்தார். ஆனால் பேனலில் விரல் வைக்கிறவர் யார் என்று நான் ஒருநாளும் கேட்கவில்லை.

ஜூன் 19, வியாழன்

ப்ரோக்ராமை மாற்றினேன். முதல் தட்டல் மட்டும் கணக்கு. அதற்குப்பின் ஒன்றரை வினாடிக்குள் எத்தனை விழுந்தாலும் தட்டலே இல்லை. முப்பத்திரண்டு பேனலுக்கும்.

டாக்டர் இருபது முறை தட்டிப் பார்த்தார். இருபதும் சரி. ஒவ்வொன்றையும் பென்சிலால் குறித்துக்கொண்டார், எழுத்து கோணல்மாணலாக இருந்தாலும் கணக்கு தப்பவில்லை. கடைசியில் நடைவழி விளக்கை ஏற்றிவிட்டு அதன் அடியில் நின்று ஒரு சிரிப்பு. பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கினவர் போல.

ஜூன் 24, செவ்வாய்

எதிர்பார்க்கவில்லை. எதிர்பார்த்திருக்க வேண்டும்.

அவசரத்தின் பழக்கம் தட்டுவது, மனசு மாறி உடனே மறுபடி தட்டுவது. இப்போது அவருடைய இரண்டாவது தட்டலை வீடு கேட்பதில்லை. "ரெண்டு தட்டினா ஒண்ணுதான் கேக்குது. என்னங்க வேலை இது?" மென்பொருளில் ஒரு சின்னப் பிரச்சினை, பார்க்கிறேன் என்றேன். "மென்பொருள் இல்ல, உங்க ஒயரிங்தான் சரியில்ல" என்று அவரே தீர்ப்பும் சொல்லிவிட்டார். தலையாட்டிவிட்டு வந்தேன்.

ஜூன் 30, திங்கள்

மச்சானோடு சண்டை. அவசரம் நேரடியாக அவருக்கே போன் செய்து கத்தியிருக்கிறார். "என் கம்பியைக் குறை சொல்றாரு, நீ பக்கத்துல நின்னு தலையாட்டினியாமே? என்ன மாத்தின அந்த ப்ரோக்ராமுல? எதுக்கு மாத்தின?" டாக்டருக்காக அவரிடமும் சொல்லவில்லை. மனைவிக்கும் சொல்லவில்லை. காபி மட்டும் குடித்தோம், மூன்று பேரும், மூன்று பக்கம் பார்த்துக்கொண்டு.

எவ்வளவு நாள் தாங்கும் இது?

ஜூலை 3, வியாழன்

நாளைக்கு எழுதலாம் என்று இருந்தேன். முடியவில்லை. இப்போதே எழுதிவிடுகிறேன்.

அவசரம் வேறொரு நிறுவனத்து இன்ஜினியரைக் கூட்டி வந்திருந்தார். எங்களையும் வரச் சொன்னார். அந்த ஆள் படுக்கையறைப் பேனலை இரண்டு தட்டு தட்டிவிட்டு, "கேபிள் கோளாறு. சுவத்தை உடைச்சுப் பாத்துடலாம்" என்றார். "உடைங்க" என்றார் அவசரம். மச்சான் நடுவில் போய் நின்றார். "சார், இந்தச் சுவத்துக்குள்ள என் கையால இழுத்த கம்பி. அதுல ஒரு குறை இருந்தா இன்னியோட நான் இந்தத் தொழிலை விட்டுடறேன்." அவர் குரல் அப்படி உடைந்து நான் கேட்டதே இல்லை. என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். சொல்லிவிடலாமா? இன்னும் அரை நிமிஷம் போயிருந்தால் சொல்லியிருப்பேன், சத்தியமாக.

டாக்டர் உள்ளே வந்தார். மேஜையிலிருந்து ஒரு வெள்ளைத்தாளை எடுத்தார். வலது கையை முன்னால் நீட்டி, புறங்கைமேல் அந்தத் தாளை வைத்தார். நோயாளிகளுக்கு இப்படித்தான் சோதிப்பார்களாம். தாள் படபடவென்று அடித்துக்கொண்டது.

"சுவத்தை உடைக்காதீங்க. கம்பி நல்லாத்தான் இருக்கு. கோளாறு இங்க. இவர் எனக்காகத்தான் ப்ரோக்ராமை மாத்தினார், சொல்லாதீங்கன்னு நான்தான் கேட்டுக்கிட்டேன்." பிறகு மச்சானைப் பார்த்து, "உங்க வேலைக்கு என்னால கெட்ட பேர் வரக்கூடாதுங்க" என்றார்.

இரண்டு வருஷம் கணவனிடம்கூடக் காட்டாத கை. ஒரு எலக்ட்ரீஷியன் தலைகுனியக் கூடாது என்பதற்காக, அந்நியர்கள் முன்னால் நீட்டினார்.

அவசரம் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். நாங்கள் மூவரும் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே வந்துவிட்டோம். காரில் மச்சான், "என்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்ல மாப்ள" என்றார். உடனே அவரே, "வேணாம். சொல்லாததுதான் சரி" என்றார்.

ஜூலை 10, வியாழன்

அந்த வீட்டிலிருந்து போன் இல்லை. நாமாகப் போன் செய்வதும் முறையில்லை.

ஜூலை 21, திங்கள்

பதினொரு மணிக்கு வீட்டுக்காரர் எங்கள் கடைக்கே வந்தார். போனை அணைத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். "அழுத்தினா டக்குனு விரலுக்குத் தெரியற மாதிரி ஸ்விட்ச் இருக்குமாமே. காட்டுங்க."

ஒன்பது மாதிரிகளை மேஜையில் பரப்பினேன். வலது கையை நீட்டி, வேண்டுமென்றே நடுங்க வைத்து, முதல் ஸ்விட்சை அழுத்தினார். நிறுத்தினார். "இல்ல, அவளுக்கு இதைவிட அதிகம்" என்று இன்னும் வேகமாக நடுக்கி, மறுபடி அழுத்தினார். ஒன்பதையும் அப்படியே. சிலதை மூன்று முறை, நான்கு முறை. நடுவில் அவராகவே, "காலைல மாடிப்படில கையைப் பிடிக்கப் போனேன். நல்லா திட்டு வாங்கினேன்" என்று சொல்லிச் சிரித்துக்கொண்டார். கண் சிவந்திருந்தது. ஒன்றே கால் மணி நேரம் ஆயிற்று. ஒரு பக்கமாகச் சாய்கிற அகலமான ஸ்விட்சை எடுத்து வைத்தார்.

"முப்பத்திரண்டு இடத்துலயும் இதுதான். அப்புறம், இப்ப இருக்கற உயரம் வேணாம். இறக்கணும்."

"எவ்வளவு சார்?"

அவர் எழுந்து நாற்காலியைச் சுவரோரம் இழுத்துப் போட்டார். அதில் நிமிர்ந்து உட்கார்ந்து, கையை நீட்டிச் சுவரைத் தொட்டார்.

"இங்க. உக்காந்தபடியே எட்டணும். இப்ப நல்லாத்தான் நடக்கறா. இருந்தாலும் வைங்க."

மச்சான் பென்சிலை எடுத்து, அவர் விரல் நுனியில் எங்கள் கடைச் சுவரில் ஒரு கோடு போட்டார். டேப்பை வைத்தார். தரையிலிருந்து தொண்ணூறு சென்டிமீட்டர். நாளைக் காலை ஒன்பது மணிக்கு வருகிறோம் என்று சொல்லி அனுப்பினோம்.