வாய்க்கால் வரைபடமும் ஒரு காகிதப் பூவும்

அம்மாவுக்கு, காவோசாங்கிலிருந்து ஷுவான் வணங்கி எழுதுவது. நான் நலம். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா? லியாங்சோவில் பனி இறங்கிவிட்டதா?

ஒரு சின்ன விஷயம், பயப்பட ஒன்றுமில்லை. பக்கத்து வீட்டுத் தச்சர் இறந்துபோனார். சவத்தோடு வைக்கும் காகிதச் செருப்புக்கும் பூவுக்கும் எங்கள் வாய்க்கால் அலுவலகம் வழக்கம்போலக் கழிவுத் தாள் கொடுத்தது. எந்த மடையனோ என் புது வாய்க்கால் வரைபடத்தையும் அந்தத் தாள்கட்டோடு சேர்த்துவிட்டான். மாதக்கணக்கில் அளந்து வரைந்தது. அது போனால் என் வேலையும் போகும்.

ஓடினேன். தச்சரின் மனைவி அதை வட்டமாக நறுக்கி, மடித்து, இதழ் வெட்ட மறுபடி கத்தரிக்கோலை எடுத்துவிட்டார்.

"நிறுத்துங்க அக்கா! அது என் வாய்க்கால்!"

"உன் வாய்க்காலை நாளைக்கு வெட்டிக்கலாம் தம்பி. என் வீட்டுக்காரரு இன்னைக்கே கிளம்புறாரு. ஒரு பூ இல்லாமலா அனுப்புறது?"

"வேற தாள் தர்றேன்."

"நீயே வெட்டியும் குடு. கோணலா இருந்தா அவருக்குப் பிடிக்காது, இப்பவே சொல்லிட்டேன்."

பிரித்துப் பார்த்தேன். மூலைகள்தான் போயிருந்தன, கோடுகள் தப்பிவிட்டன. அப்பாடா! உங்களுக்கு எழுத வைத்திருந்த தாளில் பாதியை மடித்து நானே பூ வெட்டினேன். இதழ்கள் எல்லாம் ஒரே அளவு. அக்கா முதன்முறையாக அழுதார். பூ தச்சரோடு போயிற்று. கடிதம் அதனால்தான் அரைத் தாளில் வருகிறது.

சின்னக் கத்தரிக்கோல் ஒன்று அனுப்புங்கள். இங்கே எல்லாம் மழுங்கல். புத்தாண்டு ஏழாம் நாள் வீட்டு ஆட்களின் உருவங்களைத் தாளில் வெட்டித் திரையில் ஒட்டுவீர்களே, அதில் எனக்கும் ஒன்று வெட்டுங்கள். ஊரில் இல்லை என்று விட்டுவிடாதீர்கள்.

தாள் முடிந்தது.
ஷுவான்