கடையில் கொடுத்த வில்

ஜூலை 4, வெள்ளி

தூறல். காலை ரயிலில் கொழும்பு, மாலை ரயிலில் திரும்பக் கண்டி. அலுவலகத்துக்குக் காய்ச்சல் என்று பொய். வில் கைக்கு வந்தாயிற்று.

கடைக்காரர் புது நாண் போட்டு, வில்லின் மேல் கை, கீழ்க் கை இரண்டையும் நேராக்கி, என் முன்னாலேயே சில அம்புகளை விட்டுக் காட்டினார். எல்லாம் ஒரு உள்ளங்கை அகலத்துக்குள். வீட்டில் ஒரு மாதமாகத் திருகித் திருகி நான் கெடுத்து வைத்திருந்த வில். அவர் பால் விடாத ஒரு பிளேன் ரீ ஆறுவதற்குள் முடித்துவிட்டார். வீட்டில் யாராவது கை வைத்தார்களா என்று கேட்டார். எங்கள் வில் கிளப்பில் ஒருவர், என்றேன்.

வீட்டு வாசலில் மனைவி மாலதி. "திரும்பவும் கடைக்கோ? நாளைக்கு கிளப்பில எல்லாருக்கும் என்ன சொல்லப்போறீங்கள்?"

கடையின் ஸ்டிக்கரை நகத்தால் சுரண்டி எடுத்தேன். இதை எழுதும்போதும் நகத்தடியில் பசை.

ஜூலை 5, சனி

காலையில் வெயில். கட்டுகஸ்தோட்டை மைதானத்தில் பயிற்சி. அம்புகள் சொன்னபடி கேட்டன. எல்லோரும் சுற்றி நின்றார்கள். எப்படி என்று செல்வி கேட்டாள் (வங்கியில் வேலை, ஹுன்னஸ்கிரியவிலிருந்து பஸ்ஸில் வருகிற பெண், போன மாதம்தான் சேர்ந்தாள்). வீட்டிலேயே டியூன் செய்தேன் என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். நாண் உயரம், அம்பு பொருத்தும் இடம், இறகில்லாத அம்பை விட்டுப் பார்ப்பது என்று ஒரு பிரசங்கம். கடைகளில் கொடுத்தால் வில்லைக் கெடுத்துத்தான் தருவார்கள் என்றும் சொன்னேன். நேற்று அந்த மனிதருடைய கடையில் உட்கார்ந்து அவர் தந்த ரீயைக் குடித்தவன்.

ரிஸ்வான் நானாவுக்குத் தோள் வலி. திரைச்சீலைக் கடை வைத்திருப்பவர், ஐம்பது தாண்டி வில் பழக வந்தவர், எங்கள் எல்லோருக்கும் அண்ணன் முறையில் நானா. வில்லின் இழுவை தாங்க முடியவில்லை, கடைக்கு அனுப்பிக் குறைக்கப் போகிறேன் என்றார். கடை எதற்கு, வில்லின் கைகளைப் பூட்டியிருக்கும் போல்ட்டை வெளியே சுற்றினால் இழுவை குறையும் என்றேன். அது சரிதான். எவ்வளவு சுற்ற வேண்டும் என்று கேட்டார். அதற்கு ஒரு எல்லை உண்டு. எல்லை உண்டு என்பது மட்டும்தான் எனக்குத் தெரியும். அத்தனை பேர் நடுவில் தெரியாது என்று வாயில் வரவில்லை.

"பாரம் குறையுமட்டும் சுத்துங்கோ நானா. ஒண்டும் நடக்காது."

வாங்க வேண்டியவை: பால்மா. குடைக் கம்பி. மாலதியின் பிரஷர் மாத்திரை.

ஜூலை 6, ஞாயிறு

வானம் நாள் முழுக்க மப்பு. ரி. நானா இரண்டு தடவை அழைத்தார். இரண்டாவது தடவைதான் எடுத்தேன். ஒரு எட்டு வந்து பார்க்க முடியுமா என்று கேட்டார். வேலை இருக்கிறது என்றேன். வேலை: கதிரையில் உட்கார்ந்து கிரிக்கெட். அவர் முன்னால் அந்த வில்லைத் தொட்டால் எனக்கு ஒன்றும் தெரியாது என்பதை என் கைகளே சொல்லிவிடும். அந்தப் பயம்தான்.

பிறகு வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினார். இது சரியா சேர், என்று. போல்ட் வெளியே நீண்டிருந்தது. பெரிதாக்கிப் பார்த்தேன். கூட, அளவுக்கு மேல், என்று தோன்றியது. தோன்றியது இல்லை, தெரிந்தது. கூட என்று சொன்னால் எவ்வளவு சரி என்று அடுத்துக் கேட்பார்.

கட்டைவிரலை உயர்த்தும் படத்தை அனுப்பிவிட்டுச் சாப்பிடப் போனேன். கத்தரிக்காய்க் குழம்பு. நன்றாக இருந்தது.

ஜூலை 7, திங்கள்

பின்னேரம் அலுவலகத்துக்குச் செல்வியின் அழைப்பு. ரி. நானா வீட்டுக்குப் பின்னால் வில்லை இழுத்துப் பார்த்திருக்கிறார். போல்ட் பிடி விட்டு, வில்லின் மேல் கை தெறித்து முகத்தில் அடித்திருக்கிறது. கண்ணுக்குக் கீழே கிழிந்து, கண்ணுக்குள்ளும் இரத்தம். கண் வார்டில் சேர்த்திருக்கிறார்கள்.

"சார், அவரு நீங்க சொன்ன மாதிரிதான் பண்ணாராம்" என்றாள். குற்றம் சொல்லவில்லை அவள். அவர் கவனமாகத்தான் செய்தார் என்று சொல்ல வந்தாள்.

கோப்பைத் திறந்து வைத்து ஒரே பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஜூலை 8, செவ்வாய்

ஆஸ்பத்திரி. தோடம்பழம் வாங்கிப் போனேன். ஒரு கண் கட்டியிருந்தது. மற்றக் கண்ணால் என்னைக் கண்டதும் எழும்பப் பார்த்தார். பக்கத்துக் கட்டில்காரருக்கு என்னை அறிமுகம் செய்தார், எங்கள் கிளப்பில் வில்லைப் பற்றி முழுக்கத் தெரிந்தவர் இவர்தான் என்று. நான் சொன்னது சரி, தானேதான் கூடச் சுற்றிவிட்டேன் என்றார். அதை மறுபடி மறுபடி சொன்னார்.

அவர் மனைவி, பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கும் ஃபரீதா ரீச்சர், பழத்தை வாங்கி மேசையில் வைத்தார். என் முகத்தைப் பார்த்துக் கேட்டார்:

"போட்டோ அனுப்பினதாம். சேர் பாத்தீங்களா?"

எனக்கு முந்தி நானாவே பதில் சொன்னார். "சேருக்கு வேல. சரியாப் பாக்க நேரம் இருந்து ஈக்காது."

நான் என்ன சொன்னேன் என்பதை இங்கேயாவது எழுதிவைக்க வேண்டும். "ஓம், வடிவாப் பாக்கேல்லை."

ரீச்சர் தோடம்பழம் உரிக்கத் தொடங்கினார். எனக்கும் ஒரு சுளை நீட்டினார். வாங்கித் தின்றேன்.

வீட்டுக்கு வந்ததும் வாட்ஸ்அப்பில் அந்தக் கட்டைவிரலை அழித்தேன். செய்தி அழிக்கப்பட்டது என்று அந்த இடத்தில் எழுதி வைக்கிறது. விரலே இருந்திருக்கலாம்.

ஜூலை 12, சனி

விடாத மழை. பயிற்சி இல்லை. நல்லது.

எல்லாவற்றையும் மாலதியிடம் சொன்னேன், படத்தைப் பற்றியும். திட்டுவாள் என்று நினைத்தேன். உடுப்பை மடித்துக்கொண்டே, "போய்ச் சொல்லுங்கோ. அந்த மனுசன் தன்னைத்தானே ஏசிக்கொண்டு கிடக்கிறார்" என்றாள்.

அவர் வீட்டுக்கு வந்துவிட்டாராம். போனேன். கட்டுகஸ்தோட்டைப் பாலத்தடியில் பஸ்ஸை விட்டு இறங்கினேன். மகாவலி கலங்கிப் பெருகிப் போய்க்கொண்டிருந்தது. குடையோடு கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றேன். பேக்கரியில் பாண் வாங்கிக்கொண்டு அடுத்த பஸ்ஸில் திரும்பினேன்.

என்ன சொன்னார் என்று மாலதி கேட்டாள். நித்திரை என்றேன். பொய்க்கு இப்போது யோசிக்கக்கூடத் தேவையில்லை.

ஜூலை 16, புதன்

ரி. நானா அழைத்தார். கண்ணைக் காட்டக் கொழும்புக்குப் போய் வந்தார்களாம். பார்வைக்குப் பயமில்லை, ஓரத்தில் மட்டும் மங்கல், அது தெளியலாம் தெளியாமலும் போகலாம் என்று டொக்டர் சொன்னாராம்.

அப்படியே வில்லையும் கொண்டுபோய்க் கடையில் கொடுத்தார்களாம். ஃபரீதா ரீச்சரின் பிடிவாதம்.

"நல்ல மனிசன் அந்தக் கடக்காரர். கண்டி எண்டதும் ஒங்கட பேரச் சொல்லிக் கேட்டாரு. எங்கட பழைய கஸ்டமர், ரெண்டு கிழமைக்கி முந்தியும் வந்தாரு எண்டாரு. ஒங்களுக்கு சலாம் சொல்லச் சொன்னாரு, சேர்."

அந்தப் பக்கம் திரைச்சீலைத் துணி கிழிபடும் சத்தம் கேட்டது, கடையில் இருந்திருக்கிறார். பிறகு, சரி சேர், ஆள் வந்திருக்கு என்று வைத்துவிட்டார்.

இரவு என் பாவி மனம் என்ன நினைத்தது என்றால், கிளப்பில் சொல்லியிருப்பாரோ என்று. கண்ணைப் பற்றி இல்லை. நான் கடைக்குப் போனதைப் பற்றி.

ஜூலை 19, சனி

வெயில். போகாமல் இருக்கப் பார்த்தேன். மாலதி வில் பையை எடுத்து வாசலில் வைத்துவிட்டாள்.

ரி. நானா வந்திருந்தார். கறுப்புக் கண்ணாடி, மர நிழலில் கதிரை. இன்னும் சில மாதத்துக்கு வில்லைத் தொடக்கூடாதாம், பார்க்க வந்தாராம். யாரிடமும் எதுவும் சொல்லியிருக்கவில்லை. எல்லோரும் வழக்கம்போல் என்னிடம் பேசியதிலிருந்தே தெரிந்தது.

அப்போது செல்வி, தன் வில்லின் கீழ்க் கை ஆடுகிறது, வீட்டுக்குக் கொண்டுவரட்டுமா, கொஞ்சம் பார்த்துத் தாங்க சார் என்றாள். ரி. நானா புல்லைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எனக்குத் தெரியாது, கடைக்கு அனுப்புங்கள் என்றேன். என் வில்லையும் கடையில்தான் கொடுக்கிறேன், எப்போதும் அப்படித்தான் என்றேன். வாய் நிற்கவில்லை. நானா அனுப்பிய படத்தைப் பார்த்தேன், போல்ட் அளவுக்கு மேல் வெளியே வந்திருப்பதும் தெரிந்தது, தெரிந்தும் சரி என்று அனுப்பினேன் என்றேன். சொல்லி முடித்ததும் நெஞ்சில் இருந்த பாரம் இறங்கியது போல ஒரு சந்தோஷம்கூட. நானா எழுந்து வந்து தோளைத் தொடுவார் என்று எதிர்பார்த்தேன். ஆம், அதையும் எதிர்பார்த்தேன்.

செல்வி வில்லைப் பைக்குள் வைத்தாள்.

ரி. நானா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கண்ணுக்குக் கீழே தையல் தடம், இன்னும் சிவப்பு.

"என்கிட்ட தனியா சொல்லி ஈக்கணும், சேர்" என்றார். "இவங்கட முன்னுக்கு இல்ல."

ஓம், என்றேன். இலக்குப் பலகையில் யாருடையவோ அம்புகள். பிடுங்கப் போனேன்.