அப்பா மலையிறங்கிய விதம்

அன்புள்ள மகளுக்கு, அம்மா எழுதுவது. இங்கே நான் நலம், உன் அப்பாவும் நலமென்றே சொல்லிக்கொண்டிருக்கிறார். நீ அங்கே வேளைக்குச் சாப்பிட்டு நலமாக இருப்பதாக நானும் நம்பிக்கொண்டிருக்கிறேன்.

அப்பாவின் முழங்கால் ஆபரேஷனுக்காக நீ போனில் கெஞ்சியதெல்லாம் காற்றோடு போயிற்று. என் காலுக்கு ஒண்ணும் இல்ல, வேணும்னா மலை ஏறிக் காட்டட்டுமா என்று சவால் விட்டு, போன ஞாயிற்றுக்கிழமை என்னையும் இழுத்துக்கொண்டு அந்த மணற்கல் மலைச் சரணாலயத்துக்குப் போனார். அவருடைய தாத்தாவும் வெள்ளைக்காரத் துரையும் தோளோடு தோள் நின்று அந்த உச்சியைக் கண்டுபிடித்த கதைதான் உனக்குத் தெரியுமே, கேஸ் சிலிண்டர் போட வருபவர்கூட அதைக் கேட்காமல் தப்பியதில்லை. வாசலில் சிறுத்தை, மான், காட்டெருமை எல்லாம் படம் போட்டிருந்தார்கள். நாங்கள் கண்டது ஒரு குரங்கு, அதுவும் அப்பாவின் தொப்பியைத் தேடி வந்தது. பாறையெல்லாம் அடுக்கடுக்காகச் சிவப்பு, தொட்டால் கையில் மணல் உதிர்கிறது. பத்தடிக்கு ஒருமுறை இயற்கையை ரசிப்பதாகச் சொல்லி நின்றார், சரியென்று நானும் ரசித்தேன்.

உச்சியில் துரையின் பங்களாவைக் காட்சிக்கூடமாக்கியிருக்கிறார்கள். சுவரில் பெரிய புகைப்படம். துரை நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார், மடியில் நாய், நாற்காலியை நான்கு பேர் சுமக்கிறார்கள். முன்னால் இடப்பக்கம் நிற்பவருக்கு அப்படியே உன் அப்பாவின் காது. கதையில் தோள் வந்தது மட்டும் பொய்யில்லை. கீழே துரையின் பெயர் இருக்கிறது, நாயின் பெயர்கூட இருக்கிறது, மற்றவர்கள் வெறும் ‘நான்கு கூலிகள்’. அப்பா கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து மூன்று முறை படித்தார். நான் நாயை மட்டும் பார்த்துக்கொண்டு நின்றேன், நம்பு.

இறங்கும்போது முழங்கால் மடங்கி உட்கார்ந்தவர் எழவே இல்லை. வனக்காவலர்கள் நான்கு பேர் வந்து, ஒரு நாற்காலியில் இரண்டு கம்புகளைக் கட்டித் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். நாய் ஒன்றுதான் குறை. எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. வழி நெடுக ஒவ்வொருவரிடமும், உங்க பேர் என்ன தம்பி என்று கேட்டு நுழைவுச் சீட்டின் பின்னால் எழுதிக்கொண்டே வந்தார்.

வீட்டுக்கு வந்ததும் அவரே டாக்டருக்குப் போன் செய்தார். இனிமே என்னை யாரும் சுமக்கக் கூடாது என்றார். பதினெட்டாம் தேதி ஆபரேஷன், லீவு சொல்லிவிட்டு வந்துவிடு, வரும்போது ஒரு தொப்பி வாங்கி வா. தாத்தா கதையை நீயாக எடுக்காதே. அந்தப் படத்தின் கீழே பெயர் போடச் சொல்லிக் காட்சிக்கூடத்துக்குக் கடிதம் எழுதுகிறார். தாத்தாவின் பெயரை எழுதிவிட்டார். மற்ற மூவரின் பெயர் தெரியாமல் காலையிலிருந்து பேனாவும் கையுமாக உட்கார்ந்திருக்கிறார்.

நீ யார் தோளும் தேவைப்படாமல் நூறு வயது வரை நடக்க வேண்டும்.

இப்படிக்கு,
தன் பையைத் தானே சுமந்து இறங்கிய
உன் அம்மா